பள்ளிப் பேருந்து வீடாகும்போது

காலை ஆறரை மணி. பீடோங், லுனாஸ், பாடாங் செராய் போன்ற ஊர்களில் இருள் இன்னும் முழுமையாக விலகியிருக்காது. தோட்டத்துச் செம்மண் பாதையிலிருந்து ஒரு பள்ளிப் பேருந்து மெல்லத் திரும்பிப் பெருஞ்சாலையில் ஏறும். உள்ளே பாதிப் பேர் உறக்கத்தில் இருப்பார்கள்.

ஒரு காலத்தில் கெடாவின் தோட்டப்புற மாணவர்கள் பலருக்குப் பேருந்தே தேவைப்படவில்லை. லயன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பள்ளி இருந்தது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரங்கள் நின்ற இடங்களில் தாமான்களும் தொழிற்சாலைகளும் எழுந்தன. குடும்பங்கள் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் குடிபெயர்ந்தன. பள்ளிகள் சில தோட்டத்திலேயே நின்றுவிட்டன. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே விழுந்த தூரத்தை நிரப்ப வந்ததே பேருந்து.

அந்தப் பேருந்துக்கும் முதுமை வரும். பல ஆண்டுகள் ஓடிய பிறகு அது ஏதாவது ஒரு பட்டறையின் பின்புறத்தில், லாலான் புல் சூழ, மழையில் நனைந்தபடி நிற்கும். பெரும்பாலும் பழைய இரும்புக்கு விற்கப்படும். ஆனால், அதற்கு வேறொரு வாழ்வும் உண்டு. இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து, அதை ஓடும் வீடாக மாற்றலாம். இதைத் தம் கைகளாலேயே செய்து முடிப்போர் உலகின் பல பகுதிகளிலும் இருக்கிறார்கள். இது எப்படிச் செய்யப்படுகிறது? இதில் எது எளிது, எது கடினம், எது ஆபத்து?

அமெரிக்காவில் இவ்வகை வீட்டுக்கு 'ஸ்கூலி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அங்கே இது பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. 1939ஆம் ஆண்டு ஏப்ரலில், நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் பிராங்க் சைர் என்னும் பேராசிரியர் ஒரு மாநாட்டைக் கூட்டினார். அதற்கு முன்பு மாணவர்கள் கிடைத்த வண்டியில் பயணம் செய்தார்கள். சில ஊர்களில் குதிரை பூட்டிய கோதுமை வண்டிகளும் பள்ளி வண்டிகளாக ஓடின. பேருந்தின் உயரம், நடைவழியின் அகலம் என 44 தர அளவுகளை அந்த மாநாடு வகுத்தது. விடியற்காலையின் மங்கிய ஒளியிலும் கண்ணில் படும் என்பதால் மஞ்சள் வண்ணத்தையும் அதுவே தேர்ந்தெடுத்தது. குழந்தைகளின் உயிரைக் காக்க வலுவாகக் கட்டப்பட்டதால், ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பேருந்துகளின் எஃகுக் கூடு நல்ல நிலையில் இருந்தது. ஏலத்தில் மலிவாகக் கிடைத்த அவற்றை மக்கள் வீடாக்கினார்கள்.

நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு கேரளத்தின் மூணாற்றில் இருக்கிறது. மூணாறும் தேயிலைத் தோட்ட ஊர்தான். அங்குள்ள தோட்டத் தொழிலாளர்களுள் பெரும்பாலோர் தமிழர். 2020 நவம்பரில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் மூணாறு பணிமனையில் ஒரு பழைய பேருந்தை உறங்கும் விடுதியாக மாற்றி நிறுத்தியது. அதில் 16 படுக்கைகள். ஓர் இரவுக்குக் கட்டணம் அப்போது 100 ரூபாயாக இருந்தது. விடுதிகளில் தங்க வசதியில்லாத சுற்றுலாப் பயணிகள் அங்கே தங்கினார்கள். அதே கழகத்தின் பழைய தாழ்தளப் பேருந்துகள் 2022இல் திருவனந்தபுரத்தின் மணக்காடு அரசுப் பள்ளியில் வகுப்பறைகளாகவும் மாறின.

மூணாற்றுப் பேருந்தைப் பார்த்து, "இதை நாமும் செய்யலாமே" என்று எண்ணுவது இயல்பு. ஆனால், இரண்டு வேறுபாடுகளை மறக்கக்கூடாது. மூணாறு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள குளிர்ந்த ஊர். சுங்கை பட்டாணி சமவெளி. மேலும், மூணாற்றுப் பேருந்து நின்ற இடத்திலேயே நிற்பது. நாம் செய்ய நினைப்பதோ ஓட வேண்டியது.

இந்த வேலையின் கடினம் முழுவதும் ஒரே இடத்திலிருந்து பிறக்கிறது. பள்ளிப் பேருந்து, சன்னல்கள் திறந்திருக்க, அரை மணி நேரம் ஓடுவதற்காகக் கட்டப்பட்டது. வீடு என்பதோ கதவை மூடிக்கொண்டு எட்டு மணி நேரம் உறங்கும் இடம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது சூடு, எடை, நீர், மின்சாரம், காற்று ஆகிய அனைத்தும் புதுச் சிக்கலாகின்றன.

முதலில் இரும்பைப் பார்ப்போம். பழைய பேருந்தை வாங்குவோர் பலர் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டு மகிழ்ந்துவிடுவார்கள். அனுபவமுள்ள பட்டறைக்காரரோ வண்டிக்கு அடியில் படுத்து, அடிச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். நல்ல எஃகு 'கிண்' என்று ஒலிக்கும். துருவேறியது மந்தமாக ஒலிக்கும். இயந்திரத்தைப் பழுது பார்க்கலாம், மாற்றவும் செய்யலாம். அடிச்சட்டம் அரித்துப்போயிருந்தால் அந்தப் பேருந்தை விட்டுவிடுவதே நல்லது. இருக்கைகளைக் கழற்றுவதற்கே சில நாள்கள் ஆகும். துருப்பிடித்த மரையாணிகள் எளிதில் அசைந்து கொடுக்கமாட்டா. அதன்பின் தரையின் ஒட்டுப்பலகையைப் பெயர்த்தெடுக்க வேண்டும். எத்தனையோ ஆண்டுகளாக மாணவர்களின் ஈரக் காலணிகளும் குடைகளும் சிந்திய நீர் அந்தப் பலகைக்கு அடியில்தான் தேங்கியிருக்கும். துருவைச் சுரண்டி, ஓட்டைகளை அடைத்து, துருத் தடுப்பு வண்ணம் பூசிய பிறகே புதிய தரை போடப்படும். துருவின் மேலேயே அழகான தரையைப் போடுவோரும் உண்டு. அந்த அழகு நெடுநாள் நிலைக்காது.

அடுத்தது சூடு. கெடா வேலையில் மிகுந்த கவனம் கேட்பது இதுதான். ஆண்டுத் தொடக்கத்தில், பால்மரங்கள் இலை உதிர்த்து நிற்கும் மாதங்களில், வட மாநிலங்களின் வெயில் எப்படியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நம் நாட்டில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலையும் அண்டை மாநிலமான பெர்லிஸின் சூப்பிங்கில் பதிவானதே: 1998 ஏப்ரலில் 40.1 பாகை செல்சியஸ். அத்தகைய வெயிலில் நிற்கும் பேருந்தின் கூரையில் கை வைக்க முடியாது.

அறிவியல் பாடத்தில் வெப்பம் பரவும் மூன்று வழிகளைப் படித்திருப்பீர்கள். மூன்றும் இங்கே வேலை செய்கின்றன. கதிரவனின் கதிர்வீச்சு கூரையைச் சுடுகிறது. எஃகு அந்தச் சூட்டை உள்ளே கடத்துகிறது. உள்ளே சூடேறிய காற்று மேலெழுந்து, வெளியேற வழியின்றிக் கூரையடியில் தேங்குகிறது. ஆகவே, மருந்தும் மூன்று வகை. கூரைக்கு வெள்ளை வண்ணம் பூசினால் கதிர்வீச்சின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படும். செலவு குறைந்த வழியும் இதுவே. கூரையின் உட்புறத்தில் வெப்பத்தைக் கடத்தாத நுரைப்பொருளை ஒட்டினால் கடத்தல் குறையும். கூரையில் வெளியேற்று விசிறி ஒன்றைப் பொருத்தி, நிழல் பக்கத்துச் சன்னலைத் திறந்துவைத்தால் சூடான காற்று மேலே போக, குளிர்ந்த காற்று கீழே நுழையும்.

நுரைப்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நுட்பம் உண்டு. குளிர்நாட்டு வழிகாட்டிகளைப் பார்த்துச் சிலர் கண்ணாடிப் பஞ்சை வாங்கிவிடுகிறார்கள். நம் காற்றில் ஈரப்பதம் மிகுதி. நான்கு பேர் உறங்கும் பேருந்தில் அவர்களின் மூச்சுக்காற்றே நிறைய நீராவியைச் சேர்க்கும். நள்ளிரவுக்குப் பின் எஃகுக் கூரை குளிரும்போது அந்த நீராவி துளிகளாகப் படியும். தகரக் கூரையுள்ள பழைய லயன் வீட்டில் விடியற்காலையில் சொட்டும் நீரைப் பற்றித் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். பஞ்சு அந்த நீரை உறிஞ்சி எஃகோடு ஒட்டவைத்துக்கொள்ளும்; கூரை உள்ளிருந்தே துருப்பிடிக்கும். நீரை உறிஞ்சாத நுரைப்பலகையை இடைவெளியின்றி எஃகோடு ஒட்டுவதே நமக்கு ஏற்றது. அந்தப் பலகை எளிதில் தீப்பற்றாத வகையா என்பதையும் கடையில் கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.

"குளிரூட்டியைப் பொருத்திவிட்டால் போயிற்று" என்று சிலர் சொல்லக்கூடும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூரையில் 200 வாட் திறனுள்ள சூரிய ஒளித்தகடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல வெயில் நாளில் அது சுமார் 4 மணி நேரம் முழுத் திறனோடு இயங்குவதற்குச் சமமான மின்சாரத்தைத் தரும். அதாவது 800 வாட்-மணி. 30 வாட் காற்றாடி 8 மணி நேரம் ஓட 240 வாட்-மணி வேண்டும். 10 வாட் விளக்கு 5 மணி நேரத்திற்கு 50. சிறிய குளிர்பதனப் பெட்டிக்கு நாளொன்றுக்கு 450 என்று கொள்வோம். மொத்தம் 740. நெருக்கமான கணக்குதான், மழை நாளில் குளிர்பதனப் பெட்டியை அணைக்க வேண்டிவரும். இனிக் குளிரூட்டியைச் சேர்த்துப் பாருங்கள். 800 வாட் குளிரூட்டி எட்டு மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் 6,400 வாட்-மணி. அதற்கு இதைப்போல் எட்டுத் தகடுகள் வேண்டும். அத்தனை மின்சாரத்தைச் சேமிக்கப் பெரிய மின்கலமும் வேண்டும். எனவே, வெள்ளைக் கூரையும் மர நிழலும் ஒரு நல்ல காற்றாடியுமே சிக்கனமான குளிரூட்டி. சன்னல்களுக்குக் கொசுவலை கட்டாயம். இதைத் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இப்போது எடைக்கு வருவோம். பேருந்து தன் எடையோடு இன்ன அளவு சுமையைத்தான் தாங்கும் என்று தயாரிப்பாளர் வரையறுத்திருப்பார். 40 மாணவர்களை ஏற்றிய பேருந்தில், ஒருவருக்கு 35 கிலோகிராம் என்று கொண்டால், 1,400 கிலோகிராம் சுமை இருந்தது. கழற்றிய இருக்கைகள் 400 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஆக, நாம் செலவிடக்கூடியது 1,800 கிலோகிராம். தாராளமாகத் தோன்றும். ஆனால், பலகை, கட்டில், அலமாரிகள் ஆகியவையே 600 கிலோகிராமை எளிதில் தொட்டுவிடும். தண்ணீரின் எடை லிட்டருக்கு ஒரு கிலோகிராம். 200 லிட்டர்த் தொட்டி 200 கிலோகிராம். அத்துடன் மின்கலம், அடுப்பு, பாத்திரங்கள், துணிமணிகள், நான்கு பேர். வீட்டைப் போலவே இருக்க வேண்டுமென்று தரையில் ஓடு பதித்துச் சமையல் மேடைக்குக் கருங்கல் போடுவோரும் உண்டு. கல் எடையைக் கூட்டும். ஓடு முதல் மேடுபள்ளத்திலேயே விரிசல் விடும்.

எவ்வளவு எடை என்பதோடு, எந்த இடத்தில் எடை என்பதும் முக்கியம். மாணவர்கள் இரு பக்கமும் சமமாக அமர்ந்திருந்தார்கள். சமையல் மேடை, தொட்டி, அலமாரி ஆகிய மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்தால் பேருந்து அந்தப் பக்கம் சாயும். கனமான பொருள்கள் தாழ்வாகவும் பின் அச்சுக்கு அருகிலும் இருக்க வேண்டும். பாதி நிரம்பிய தொட்டி மிகவும் தொல்லை தரும்; வளைவில் திரும்பும்போது உள்ளே நீர் ஒரு பக்கமாக மோதி வண்டியைத் தள்ளும். அதனால்தான் நல்ல தொட்டிகளுக்குள் தடுப்புச் சுவர்கள் இருக்கின்றன. ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரம். அதன் வளைந்த சாலையில் ஏறுவது இயந்திரத்திற்குச் சோதனை. இறங்குவது நிறுத்தக்கட்டைகளுக்குச் சோதனை. அவற்றைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் அவை சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். சுமை கூடிய பழைய பேருந்தில் இந்த ஆபத்து இருமடங்கு. குறைந்த கியரில், இயந்திரத்தின் இழுவையாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தி இறங்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றி ஒரு செய்தி. நம் நாட்டில் ஒருவர் வீட்டில் நாளொன்றுக்கு 200 லிட்டருக்கும் மேற்பட்ட நீரைப் பயன்படுத்துகிறார். பேருந்தில் 200 லிட்டர் நீர், நான்கு பேருக்கு, இரண்டு மூன்று நாள்களுக்கு! வாளியில் அளந்து குளித்த காலத்தின் பழக்கம் இங்கே மீண்டும் தேவைப்படும். பாத்திரம் கழுவிய நீரை ஆற்றோரத்தில் திறந்துவிடக்கூடாது. தனித்தொட்டியில் சேர்த்துக் கொண்டுவந்து கழிவுநீர்க் குழாயில்தான் ஊற்ற வேண்டும்.

இதுவரை சொன்னவற்றில் தவறு நேர்ந்தால் பணம் வீணாகும், அல்லது பயணம் கெடும். உயிரைப் பறிக்கக்கூடியவை வேறு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீரைப்போல் தரையில் பரவித் தேங்கும். வீட்டில் கதவைத் திறந்தால் அது வெளியே வழியும். பேருந்தின் தரையோ ஒரு தொட்டிபோல் அடைபட்டது. எனவே, எரிவாயுக் கலனை உள்ளறையோடு தொடர்பில்லாத தனிப்பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியின் அடியில் வெளிப்புறம் திறக்கும் துளை இட வேண்டும். துளையை மேலே இடுவதால் பயனில்லை.

இதைவிடக் கொடியது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. மகிழுந்தின் இயந்திரத்தை ஓடவிட்டு உள்ளே உறங்கியவர்கள் இறந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். பேருந்திலும் அதே விதிதான். இயந்திரமோ, மின்னாக்கியோ, கரி அடுப்போ எரியும்போது அதன் அருகில் மூடிய அறையில் உறங்கக்கூடாது. இந்த வாயுவைக் கண்டறியும் சிறு கருவியைப் படுக்கையின் அருகில் பொருத்துவது அவசியம். இன்னொன்று: பள்ளிப் பேருந்தின் அவசரக் கதவு பின்புறம் இருந்தால், கட்டிலைப் போட அதுவே வசதியான இடமாகத் தோன்றும். அந்தக் கதவை மறைக்கவே கூடாது. சமையல் மேடை முன்கதவருகே இருந்து, அங்கே தீப்பிடித்தால், உறங்குபவர்களுக்கு வேறு வழி ஏது?

நிறுத்தும் இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் ஜெராய் மலையிலிருந்து திடீரெனப் பாய்ந்த வெள்ளம் யான், மெர்போக் வட்டாரங்களில் உயிர்களைப் பறித்தது. மலையுச்சியில் பெய்யும் மழை அடிவாரத்தில் தெரியாது. வெயில் காயும்போதே நீர் வந்துவிடும். ஓடையின் ஓசை காதில் விழும் இடம் இனிமையானதுதான். ஆனால், வண்டியை மேட்டில்தான் நிறுத்த வேண்டும். பந்தாய் மெர்டேக்கா போன்ற கடற்கரையில் தங்கினால், திரும்பியதும் வண்டியின் அடிப்பகுதியை நன்னீரால் கழுவ வேண்டும். உப்புக் காற்று துருவுக்கு உரம். இடி மின்னலைப் பொறுத்தவரை, பேருந்து மரத்தடியைவிடப் பாதுகாப்பானது. மின்னல் எஃகுக் கூட்டின் வெளிப்புறமாகவே பாய்ந்து தரைக்குச் சென்றுவிடும். உள்ளே இருப்பவர்கள் சன்னல்களை மூடி, உலோகத்தைத் தொடாமல் இருந்தால் போதும்.

இவை அனைத்தையும் செய்யும் திறமைக்கு நம்மிடையே பஞ்சமில்லை. தோட்டத்தில் எதுவும் ஒரே வேலையோடு முடிந்துபோனதில்லை. பால்டின் அரிசி அளக்கும் படியாயிற்று. எண்ணெய்ப் பீப்பாய் மழைநீர்த் தொட்டியாயிற்று. ரப்பர் ஆலையில் பற்றவைப்பும் குழாய்வேலையும் கற்றவர்கள் பலர் பின்னாளில் பட்டணத்தில் சொந்தப் பட்டறை வைத்தார்கள். கைத்திறன் உள்ளவர்கள் சட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் சிக்கல்.

1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ், ஒரு வாகனத்தின் அமைப்பை விருப்பம்போல் மாற்ற முடியாது. பேருந்தாகப் பதிவான வண்டி வீடாக மாறும்போது அதன் பயன்பாடும் இருக்கை எண்ணிக்கையும் மாறுகின்றன. எனவே, வேலையைத் தொடங்குவதற்கு முன்பே சாலைப் போக்குவரத்துத் துறையை அணுகி ஒப்புதல் பெற வேண்டும். முடிந்தபின் வாகனப் பரிசோதனை நடக்கும். மாற்றத்தை மறைத்தால் காப்புறுதியும் கைகொடுக்காமல் போகலாம். ஓட்டுநர் உரிமமும் பொருத்தமானதாக இருக்க வேண்டும். மகிழுந்துக்குரிய 'டி' வகை உரிமம் 3,500 கிலோகிராமுக்கு உட்பட்ட வாகனங்களுக்கே செல்லும். பெரிய பேருந்து பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். வண்டி ஓடும்போது யாரும் கட்டிலில் படுத்திருக்கக்கூடாது. எத்தனை பேர் பயணம் செய்கிறார்களோ அத்தனை முறையான இருக்கைகளும் இருக்கை வார்களும் வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் உடனே தாசேக் பெடுவுக்கோ செடிம் ஆற்றுக்கோ புறப்படுவதில்லை. முதல் இரவை வீட்டு வாசலிலேயே கழிப்பார்கள், அதுவும் நல்ல மழை இரவாகப் பார்த்து. தரையெங்கும் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு உறங்கினால் போதும். விடிந்ததும் எந்தத் தாள் நனைந்திருக்கிறதோ, அதற்கு நேர் மேலேயோ சற்றுத் தள்ளியோ அடைக்க வேண்டிய ஓட்டை இருக்கும்.